பகுதி கேப்போ போட்டும் டாட்காட் டேப் பொருந்தவில்லை: உதவி தேவை

கேள்வி:
வணக்கம். என் கிட்டாரில், மூன்று தந்திகளை மட்டும் அழுத்தும் பகுதி கேப்போவை (தந்திகளை இறுக்கிப் பிடிக்கும் கவ்வியை) இரண்டாவது ஃபிரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த கம்பிகள் பிரிக்கும் கட்டத்தில்), ஐந்து, நான்கு, மூன்றாம் தந்திகளின் மேல் பொருத்தியிருக்கிறேன். விரல் வைக்காமல் மீட்டினால், தடித்த ஆறாம் தந்தியிலிருந்து ஈ, பி, ஈ, ஏ, பி, ஈ என்று ஒலிக்கிறது. டாட்காட் எனப்படும் டி, ஏ, டி, ஜி, ஏ, டி ட்யூனிங்கை இரண்டு ஃபிரெட் அளவு உயர்த்தினாலும் இதுவே வரும். ஆனால் டாட்காட்டுக்கென எழுதிய டேப்பை (எந்தத் தந்தியில் எத்தனையாவது ஃபிரெட் என்று எண்களால் காட்டும் குறிப்பை), கேப்போவையே நட்டாக (ஃபிரெட் எண்ணிக்கை தொடங்கும், கழுத்து முனைப் பட்டையாக) கொண்டு எண்ணி வாசித்தால், முதல் வரியிலேயே அபஸ்வரம் தட்டுகிறது. போதாததற்கு, மூன்றாம் தந்தியின் சுருதி எப்போதும் சற்று ஏறியே நிற்கிறது. கேப்போவை மாற்ற வேண்டுமா?

மறுமொழி 1:
மாற்ற வேண்டாம், எண்ணும் முறையைத்தான் மாற்ற வேண்டும். கேப்போவைக் கழற்றிவிட்டு, வழக்கமான ட்யூனிங்கில் அதே மூன்று தந்திகளையும் இரண்டாவது ஃபிரெட்டில் விரல்களால் பிடித்துப் பாருங்கள்: கிடைப்பது ஈ சஸ் 4 என்ற கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு). கேப்போ அந்த மூன்று விரல்களின் வேலையைச் செய்கிறதே தவிர, எந்தத் தந்தியையும் தளர்த்தவில்லை. எனவே ஆறு, இரண்டு, ஒன்றாம் தந்திகளுக்கு இன்னமும் பழைய நட்டுதான் தொடக்கம். நடுவிலுள்ள மூன்றுக்கு மட்டுமே கேப்போ தொடக்கம்.

டாட்காட்டில் இரண்டாவது ஃபிரெட்டில் ஒரே விரலைப் படுக்க வைத்தால் தடித்த மூன்று தந்திகளும் ஈ, பி, ஈ என்று கூடி ஒலிக்கும். உங்கள் அமைப்பில் அதற்கு இணையாக எஃப் ஷார்ப், சி ஷார்ப், எஃப் ஷார்ப் வர வேண்டும். கேப்போவிலிருந்து இரண்டு எண்ணி விரலைப் படுக்க வைத்ததும் ஆறாம் தந்தி ஜி ஷார்ப் ஆகிவிடுகிறது. தேவையான எஃப் ஷார்ப்போ கேப்போ உட்கார்ந்திருக்கும் அதே ஃபிரெட்டில் இருக்கிறது. அங்கே விரல் நுழைப்பது பெரும்பாடு. அந்த டேப்தான் வேண்டுமென்றால் கேப்போவை எடுத்துவிட்டு, ஆறு, இரண்டு, ஒன்றாம் தந்திகளை இரண்டு ஃபிரெட் அளவு இறக்குவதே சுருக்கு வழி.

மூன்றாம் தந்தி ஏறுவது அழுத்தத்தால். கேப்போவை ஃபிரெட் கம்பியை ஒட்டி, அதற்குச் சற்றுப் பின்னால் வைத்து, அதன் பிறகு சுருதி சேருங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. சுருதி சரியாகிவிட்டது. அப்படியானால் பகுதி கேப்போ வேறெதற்குத்தான் பயன்படும்?

மறுமொழி 2:
நீங்கள் குறையாகக் கண்டதுதான் அதன் பலம். சாதாரண கேப்போவைத் திருப்பி மாட்டி, ஆறாம் தந்தியை மட்டும் விட்டு, மற்ற ஐந்தையும் இரண்டாவது ஃபிரெட்டில் அழுத்துங்கள். இரண்டு ஃபிரெட் உயர்ந்த டிராப் டி (ஆறாம் தந்தியை மட்டும் ஈயிலிருந்து டிக்கு இறக்கும் ட்யூனிங்) கிடைக்கும். உண்மையான டிராப் டியில் ஜி கார்டின் அடிநாதத்துக்கு விரலை ஐந்தாவது ஃபிரெட் வரை நீட்ட வேண்டும். இங்கே ஆறாம் தந்தி இறக்கப்படாததால், கேப்போவுக்கு மேல் நீங்கள் வழக்கமாகப் பிடிக்கும் அதே ஜி வடிவம் அப்படியே பொருந்தும். கேப்போவின் நுனி ஆறாம் தந்தியில் உரசாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். உரசினால் அந்தத் தந்தி இரைச்சலிடும்.