பிச்சாவரம்: மூட்டு வலி அம்மா, ஆறு வயதுப் பையன், போகலாமா?

தாம்பரத்தான்:
பொங்கல் லீவுக்குச் சிதம்பரம் போகிறோம். கோயில் முடித்த கையோடு பிச்சாவரம் அலையாத்திக் காட்டையும் பார்த்துவிடலாம் என்று எண்ணம். அம்மாவுக்கு மூட்டு வலி. பையன் முதலை பார்த்தே ஆகவேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். யூடியூபில் எல்லாரும் ட்ரோன் விட்டு மேலிருந்து பச்சையாகக் காட்டுகிறார்களே தவிர, படகில் உட்கார்ந்தால் என்ன தெரியும் என்று ஒருத்தரும் சொல்வதில்லை. மோட்டார் படகா, துடுப்புப் படகா? பறவை, விலங்கு ஏதாவது கண்ணில் படுமா, இல்லை மரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதானா?

சேற்றுநண்டு:
துடுப்புப் படகுதான், யோசிக்கவே வேண்டாம். மோட்டார் அகலமான உப்பங்கழியோடு சரி. சுரபுன்னை மரத்து வேர்கள் இரண்டு பக்கமும் வளைந்து இறங்கி நிற்கிற, தலையைக் குனிந்து போகவேண்டிய சின்ன வாய்க்காலுக்குள் துடுப்புதான் நுழையும்.

நாங்கள் முதல் தடவை போனது காணும் பொங்கல் அன்று, அதுவும் உச்சி வெயிலில். வரிசையில் நின்றே பாதி உயிர் போய்விட்டது, முன்னால் போன படகில் ஸ்பீக்கர் வேறு அலறியது, ஒரு கொக்குகூடக் கண்ணில் படவில்லை. தப்பு எங்கள் மேல்தான். அடுத்த வருடம் சாதாரண செவ்வாய்க்கிழமை, காலை முதல் படகு. வாய்க்காலுக்குள் போனதும் துடுப்பை நிறுத்தச் சொல்லிவிட்டுப் பேசாமல் உட்கார்ந்தோம். இரண்டு நிமிடத்தில் சேறே அசைய ஆரம்பித்தது. ஒரு கை மட்டும் பெரிதாக இருக்கிற குட்டி நண்டுகள் வளைக்கு வெளியே வந்து அந்தக் கையை ஆட்டி ஆட்டிக் கூப்பிடுகின்றன, பக்கத்தில் உச்சந்தலையில் கண் வைத்த மீன் ஒன்று தன் மார்புத் துடுப்பை ஊன்றி ஊன்றி வேர்மேல் ஏறுகிறது. மீன்கொத்தி பிடித்த மீனைக் கிளையில் அடிக்கிற சத்தம்கூடக் கேட்டது. பையனுக்கு முதலைக்குப் பதில் இதைக் காட்டுங்கள்.

கிள்ளைக்காரன்:
முதலை விஷயம்: படகு போகிற கழியில் முதலையைப் பார்த்ததாக நான் கேட்டதே இல்லை. ஆனால் அந்தப் பக்கம் கொள்ளிடத்தில் நன்னீர் முதலை உண்டு, ஆளைக் கடித்த செய்தி அவ்வப்போது வரும், அதனால் வழியில் நிறுத்தி ஆற்றில் இறங்கிக் குளிக்கிற வேலை வேண்டாம். உப்புநீர் முதலைதான் வேண்டும் என்றால் ஒடிசாவில் பிதர்கனிகா போகணும். மே முதல் ஜூலை வரை முதலை முட்டையிடுகிற காலம், மூடிவிடுவார்கள்.

அப்புறம், கண்ட இலையையும் கிள்ளாதீர்கள். இந்தக் காட்டில் தில்லை மரம் இருக்கிறது, சிதம்பரத்துக்குத் தில்லை என்று பேர் வந்ததே இதனால்தான். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. படகுக்காரரிடம் வெண்கண்டல் மரம் எது என்று கேட்டு, அந்த இலையை மட்டும் பையனைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள், உப்பு விரலில் ஒட்டும். மரமே உப்பை வெளியே தள்ளுகிறது. சுரபுன்னையில் முருங்கைக்காய் மாதிரி தொங்குவது வெறும் காய் இல்லை, மரத்திலேயே முளைவிட்ட கன்று. 2022-ல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்த இடம் இது, சிப்ஸ் பாக்கெட்டைத் தண்ணீரில் போடுகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

வலசை:
பறவைதான் முக்கியம் என்றால் முத்துப்பேட்டை அலையாத்திக் காடும் நல்லது, பரப்பும் பெரிது. ஆனால் அங்கே கிட்டத்தட்ட எல்லாம் வெண்கண்டல்தான், பிச்சாவரம் மாதிரி வேர்ச்சுரங்கம் கிடைக்காது. 2018 கஜா புயலில் நிறைய மரம் போனது. வனத்துறையிடம் முன்னாலேயே கேட்டுக்கொண்டு போகணும், படகிலும் நெடுநேரம் உட்கார வேண்டிவரும். அம்மாவை வைத்துக்கொண்டு வேண்டாம். பிச்சாவரத்திலும் படகில் இறங்கும்போது ஒருத்தர் கை கொடுக்கணும், பலகை தாழ்வாக இருக்கும்.

தாம்பரத்தான்:
நன்றி. காணும் பொங்கலுக்கு இரண்டு நாள் கழித்து, காலையிலேயே போவதாக முடிவு. அம்மாவுக்கு ஒரு தலையணை எடுத்துக்கொள்கிறேன். பையனிடம் முதலை இல்லை, நடக்கிற மீன் இருக்கிறது என்று சொன்னேன். அது கடிக்குமா என்று கேட்கிறான்.