வளையம் உள்ளே சுருங்குமா? காலம் பற்றி ஒரு சண்டை

கீழக்கரைக் கணக்கு: "காரணம் முன்னால், விளைவு பின்னால், இதுதான் இயற்பியல்" என்று நேற்று நம் குழுவில் பாம்பன் தம்பி எழுதியிருந்தார். எனக்கு ஒப்பவில்லை. நியூட்டன் விதியில் விசையும் முடுக்கமும் ஒரே கணத்தில் நிற்கின்றன. அதில் எது முன், எது பின்? காலத்துக்குக் கழித்தல் குறி போட்டாலும், அதாவது பின்னோக்கி ஓடவிட்டாலும், விதி அசையாது. சமக்குறி அம்புக்குறி இல்லை தம்பி. காரணம் என்பது நாமாக ஒட்டிக்கொள்வது.

பாம்பன் படகு: காக்கா (அண்ணன்), விதி அசையாது, சரி. கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் வடகடல் (பாக் நீரிணை) தெப்பக்குளம் மாதிரி கிடக்கும். அதில் ஒரு கல்லைப் போட்டால் வளையம் விரிந்துகொண்டே போகும். நாலா பக்கமிருந்தும் வளையம் கூடிவந்து, கல்லைத் தூக்கி என் கையில் கொடுத்ததை ஒருநாளும் பார்த்ததில்லை. காயப்போட்ட கருவாடு நீந்திப் போனதும் இல்லை.

கீழக்கரைக் கணக்கு: அது எண்ணிக்கைச் சமாச்சாரம். வெப்பம் ஒரே திசையில் போவதை மூலக்கூறுகளின் மோதலிலிருந்தே நிறுவியதாக 1872இல் இயற்பியலாளர் போல்ட்ஸ்மான் சொன்னார். எல்லா மூலக்கூறுகளையும் வந்த வழியே திருப்பிவிட்டால் என்ன ஆகும் என்று 1876இல் லோஷ்மிட் மடக்கினார். கலைந்து கிடக்க வழி கோடிக்கணக்கில் உண்டு, அடுக்கி நிற்க வழி சொற்பம் என்பதுதான் அடுத்த ஆண்டு போல்ட்ஸ்மான் சொன்ன பதிலின் சாரம். ஆகவே திசை விதியில் இல்லை. ஆரம்பம் அடுக்கி இருந்ததில் இருக்கிறது.

மண்டபம் வாத்தியார்: பழைய சண்டை இது. ஒளி முதலான மின்காந்த அலைகளுக்கான மேக்ஸ்வெல் சமன்பாடுகள் விரியும் அலையையும் அனுமதிக்கும், குவியும் அலையையும் அனுமதிக்கும். விரிவது மட்டுமே இயற்கை, திரும்பாமைக்கு (நடந்தது பின்னோக்கி நடக்காததற்கு) வேரே அதுதான் என்றார் இயற்பியலாளர் வால்டர் ரிட்ஸ். இல்லை, திரும்பாமை வெறும் நிகழ்தகவு என்றார் ஐன்ஸ்டைன். 1909இல் இருவரும் சேர்ந்தே சின்னக் கட்டுரை போட்டார்கள்: நாங்கள் ஒத்துப்போகவில்லை, காரணம் இது என்று. அந்த ஜூலையிலேயே ரிட்ஸ் இறந்துவிட்டார், வயது 31. (நம் குழுவில் எதிராளி சொன்னதை ஒழுங்காக எடுத்துச் சொன்ன ஒரு பதிவைக் காட்டுங்கள், பார்ப்போம்.)

தேவிபட்டினம்: விதியிலேயே துளி திசை உண்டே! 1964இல் க்ரோனினும் ஃபிட்ச்சும் கே மெசான் என்ற நுண்துகளின் சிதைவில் கண்டது (துகளும் அதன் எதிர்த்துகளின் கண்ணாடிப் பிம்பமும் ஒன்றுபோல நடப்பதில்லை என்பது) கடைசியில் அங்கேதான் கொண்டுவிடுகிறது. தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோன அதே வருஷம்.

கீழக்கரைக் கணக்கு: காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதை வேண்டாம். மெசான் விஷயம் உண்மைதான். ஆனால் அந்தத் துளியால் மீன் கருவாடு ஆவதில்லை.

மண்டபம் வாத்தியார்: தம்பி பக்கமும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒளிக்கே பயண நேரம் உண்டு: சூரிய ஒளி வந்துசேர 8 நிமிடம் 20 நொடி ஆகிறது. ஒன்றிலிருந்து கிளம்பிய ஒளி மற்றதை எட்டமுடியாத இரு நிகழ்வுகளில் எது முந்தியது என்பது பார்ப்பவரின் வேகத்தைப் பொறுத்து மாறும். ஒளி எட்டும் நிகழ்வுகளின் வரிசையோ யார் பார்த்தாலும் மாறாது. முன்–பின் ஐன்ஸ்டைனின் சார்பியலில் பத்திரமாகத்தான் இருக்கிறது.

கீழக்கரைக் கணக்கு: வரிசை இருக்கிறது சார், திசை எங்கே? ராமேஸ்வரம் ரயிலுக்கு மண்டபம், பாம்பன் என்று வரிசை உண்டு. ரயில் இரண்டு பக்கமும் ஓடுகிறதே.

பாம்பன் படகு: நான் சொன்னதில் ஒரு தப்பு. சாயங்காலம் கரையில் ஒருவர் வீச்சுவலை வீசினார். வலை வட்டமாக விரிந்து, ஓரத்து ஈயக்குண்டுகள் எல்லாம் ஒரே சமயத்தில் தண்ணீரில் பட்டன. ஒரு வளையம் வெளியே போனது, இன்னொன்று உள்ளே சுருங்கி வந்தது! நடுவில் தண்ணீர் குமிழ் மாதிரி எழும்பி அடங்கியது. முப்பது வருஷமாகப் பார்க்கிறேன், கவனித்ததே இல்லை.

கீழக்கரைக் கணக்கு: அல்ஹம்துலில்லாஹ். ஒத்துக்கொண்டீர்களா?

பாம்பன் படகு: பாதிதான். குண்டுகளை வட்டமாகக் கோத்தது ஒரு கை, வீசியது ஒரு கை. வளையம் குவிந்தது அப்புறம்தானே? கை முன்னாலேயே இருந்தது.

கீழக்கரைக் கணக்கு: குவிந்த வளையத்துக்கு மட்டும் முன்னால் ஒரு கையைத் தேடுகிறீர்கள். விரிகிற வளையத்துக்குப் பின்னால், கரையில் தயாராக நிற்கும் ஒன்றைத் தேடுவதில்லையே. ஏன்?

பாம்பன் படகு: இதற்கு யோசிக்க வேண்டும் காக்கா. நாளை விடியக் காற்று விழுந்திருந்தால் நானே வலை வீசி, அந்த நடுவை மட்டும் போனில் எடுத்துப் போடுகிறேன். ஒரு காணொளி நேராக ஓடும், இன்னொன்று தலைகீழாக. எது எது என்று நீங்கள் சொல்லுங்கள்.