பியூசர் யூனிற்றுக்கு ‘உருக்கி’ வேண்டாம்: ஒரு கலைச்சொல் விவாதம்

எல்லோருக்கும் வணக்கம்.

வண்ணக் கொப்பி மெசின்களுக்கான சொற்பட்டியலில் பியூசருக்கு, அதாவது ரோனர் என்ற மைத்தூளைச் சூட்டாலும் அழுத்தத்தாலும் தாளில் பிடிக்கவைக்கிற பாகத்துக்கு, ‘உருக்கி’ என்று போடப்பட்டிருக்கிறது. அதை எடுத்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் பாடநூல்களில் மின்சுற்றைக் காக்கிற பியூஸின் பெயர் ‘உருகி’. பியூசருக்கு உள்ளேயும் அப்படி ஒன்று இருக்கிறது. சூடு எல்லை மீறினால் மின்னைத் துண்டிக்கிற வெப்ப உருகி அது. பழுதுப் பதிவில் ஒருவர் அவசரமாக ‘உருக்கி போய்விட்டது’ என்று எழுத, அடுத்தவர் ‘உருகி’ என்று வாசித்தால், அந்தச் சின்னப் பாகத்தை மட்டும் மாற்றிவிட்டுப் போவார். உருகி ஏன் போனது என்ற கேள்வி அப்படியே கிடக்கும். உருகியைக் கம்பியால் குறுக்கே இணைத்து ஓட்டிப் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து யாரும் செய்யக்கூடாத வேலை அது, தீப்பிடிக்கும்.

உருக்குவது பியூசரின் பாதி வேலைதான் என்பது அடுத்த காரணம். ரோனர் என்பது பிசினும் நிறமியும் மெழுகும் சேர்ந்த துகள், ஏறக்குறைய 5 முதல் 8 மைக்ரோமீற்றர் அளவு. நிலைமின்னால் தாளில் நிற்கும் அதை விரலால் துடைத்தெடுத்துவிடலாம். 160 முதல் 200 பாகை செல்சியஸ் வரையான சூட்டில் அது இளகும். அந்த நேரம் கீழ் றோலர் கொடுக்கிற அழுத்தம்தான் அதைத் தாளின் நார்களுக்குள் இறக்கிப் பிடிக்கவைக்கிறது. கறுப்புப் படியில் ஓர் அடுக்கு என்றால் வண்ணப் படியில் நான்கு நிறங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறலாம். அதனால்தான் வண்ண மெசினில் மென்மையான சிலிக்கோன் இறப்பர் வேண்டியிருக்கிறது, பழுதும் கூட வருகிறது.

ஆகவே என் முன்மொழிவு ‘பிணைப்பகம்’. மேலே இருப்பது சூட்டுருளை, கீழே அழுத்துருளை. உருளைக்குப் பதிலாக மெல்லிய பிலிம் சுழலும் வகைக்குச் ‘சூட்டுறை’. உருளையின் சூட்டை உணர்ந்து மெசினுக்குச் சொல்கிற தேமிஸ்ரருக்கு ‘வெப்பத்தடையி’.

உண்மையில் பாகத்தின் பெயரைவிடப் பழுதுகளின் பெயர்தான் எனக்கு முக்கியம். ‘பியூசர் போச்சு’ என்ற ஒற்றை வசனத்துக்குள் குறைந்தது நான்கு பழுதுகள் ஒளிந்திருக்கின்றன. பெயர் இல்லாததால் நான்குக்கும் ஒரே மருந்து, முழு யூனிற்றையும் மாற்றுவது. காரணம் வெளியில் இருக்கும்போது புது யூனிற்றும் அதே வழியில்தான் போகும்.

முதலாவது, ரோனர் பிணையாமல் உரசினால் கழன்று வருவது. இதற்குத் ‘தண்பெயர்வு’ என்று வைக்கிறேன். எங்கள் பக்கம் முதலில் பார்க்க வேண்டியது வோல்ற்றேஜ். பியூசரைச் சூடாக்கும் ஹலஜன் லாம்பின் வலு வோல்ற்றேஜ் இறங்குவதைவிட வேகமாக இறங்கும். 230 வோல்ற் 190க்கு இறங்கினால் சூடு ஏறத்தாழ முக்கால் பங்குதான். கெனன் மெசினில் சூடேறாமல் E000, ஓடும்போது சூடு இறங்கி E003, ரிக்கோவில் SC542 என்ற பிழைக் குறிகள் வருவதெல்லாம் இந்த வகை. மெல்லிய வயருள்ள நீட்டிப்புப் பெட்டியில் போட்டிருந்தால் அதைக் கழற்றிச் சுவர் பிளக்கில் நேரே கொடுத்து, படி ஓடிக்கொண்டிருக்கும்போது மீற்றரால் அளக்க வேண்டும். சும்மா நிற்கும்போது அளந்தால் 225 காட்டும், அதை நம்பி ஏமாறக்கூடாது. சின்ன யூபிஎஸ்ஸில் இந்த மெசின்களைப் போடவே கூடாது. வோல்ற்றேஜ் சரியென்றால் தாள் வகையைப் பாருங்கள். தடித்த மட்டையைப் போட்டுவிட்டு ‘சாதாரண தாள்’ என்று விட்டிருந்தால் மெசின் வேகத்தைக் குறைக்காது.

இரண்டாவது ‘வெம்பெயர்வு’. ரோனர் மிதமிஞ்சி இளகி உருளையில் ஒட்டி, ஒரு சுற்றுக்குப் பிறகு தாளில் மங்கலாக மறுபடி விழும். இதைக் கண்டுபிடிக்க அடிமட்டம் போதும். 40 மில்லிமீற்றர் விட்டமுள்ள உருளை என்றால் 126 மில்லிமீற்றருக்கு ஒரு தடவை நிழல் வரும். 30 என்றால் 94. ஆனால் சில மெசின்களில் ரோனர்ப் படம் முதலில் உருவாகிற ட்றமும் 30 மில்லிமீற்றர்தான், அதுவும் 94இல் விழுத்தும். சந்தேகம் தீர, தாள் பிணைப்பகத்துக்குள் போகுமுன் கதவைத் திறந்து மெசினை நிறுத்தி அந்தத் தாளைப் பாருங்கள். பிணையாத படத்திலேயே நிழல் இருந்தால் பிணைப்பகம் குற்றவாளி அல்ல. படம் துப்பரவாக இருந்தால் வெப்பத்தடையிதான் முதல் சந்தேகம். தாள்தூசும் ரோனரும் அதன்மேல் படிந்தால் உருளையின் சூடு அதற்குத் தாமதமாகத்தான் எட்டும். மெசின் இன்னும் சூடு காணாது என்று நினைத்து லாம்பை எரித்துக்கொண்டே இருக்கும். முடிவு, சூடு மிஞ்சியதைச் சொல்கிற பிழைக் குறி: கெனனில் E001, ரிக்கோவில் SC543.

மூன்றாவதுக்கு ‘ஓரச்சூடு’. A5 தாள், கடித உறை போன்ற ஒடுக்கமானவற்றைத் தொடர்ந்து நூற்றுக்கணக்கில் ஓட்டினால் தாள் படாத இரு ஓரங்களிலும் சூட்டை எடுத்துப்போக எதுவும் இல்லை. சூட்டுறையின் ஓரம் சுருங்கும், அழுத்துருளையின் இறப்பர் பொரியும். பிறகு A4 போட்டால் ஓரம் மட்டும் மினுங்கும், சுருக்கம் விழும். கலியாணக் காட் உறைகளை இதில் அடிக்கிற கடைகளுக்கு இதுதான் அடிக்கடி வருகிற பழுது. பல மெசின்களில் கடித உறைக்கென்று அழுத்தம் தளர்த்தும் நெம்பு இருக்கிறது, அதை இறக்கியே ஓட்ட வேண்டும்.

நான்காவது ‘உறைக்கிழிவு’. சூட்டுறையின் உள்ளே பூசுவது உயர்சூட்டுக்கான புளோரின் கிறீஸ். காசு மிச்சம் பிடிக்கச் சாதாரண கிறீஸ் பூசினால் காய்ந்து கட்டியாகி, உறை சுழலாமல் இழுபட்டுக் கிழியும். உறையை மட்டும் மாற்றித் தேய்ந்த அழுத்துருளையையும் அதன் அச்சைத் தாங்கும் இரு ஓரப் புஷ்களையும் பழையபடி விடுவதும் இதே இடத்தில்தான் கொண்டுவந்து விடும்.

சொற்களைப் பற்றி மற்றவர்கள் கருத்துச் சொல்லுங்கள்.

——

தம்பிக்கு,

‘பிணைப்பகம்’ எனக்குப் பிடித்திருக்கிறது. ‘உருக்கி’ பற்றிய எச்சரிக்கையும் சரி. இரண்டு இடத்தில் மட்டும் மறுப்பு.

> இதற்குத் ‘தண்பெயர்வு’ என்று வைக்கிறேன்

இது மாணவரைக் குழப்பும். 140 பாகையில் நிற்கிற உருளையைத் ‘தண்’ என்று எப்படிச் சொல்வது? தொட்டால் கை வெந்துவிடும். தேவையான சூட்டுக்குக் குறைவு என்பதுதானே பொருள். ஆகவே ‘குறைசூட்டுப் பெயர்வு’, ‘மிகைசூட்டுப் பெயர்வு’ என்று போடலாம். நீளம்தான், ஆனாலும் சொல்லைப் பார்த்தவுடன் எந்தப் பக்கம் தேட வேண்டும் என்று தெரியும்.

அடுத்து, ‘பிணைப்பகம்’ பிடித்தாலும் ஒரு தயக்கம்: இரசாயனவியலில் பிணைப்பு என்றால் அணுக்களுக்கு இடையிலான பிணைப்பு. இங்கே அப்படி எதுவும் நடக்கவில்லை. பிசின் இளகி நாரில் பற்றிக்கொள்கிறது, அவ்வளவுதான். அதற்குப் பதில் ‘பற்றகம்’ என்று போடலாமா என்று ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார். மாரி காலப் பழுதுக்கும் ஒரு பெயர் வேண்டாமா?

——

ஐயா,

குறைசூடு, மிகைசூடு இரண்டையும் அப்படியே ஏற்கிறேன். பதிவில் ‘கு.சூ.’, ‘மி.சூ.’ என்று சுருக்கி எழுதவும் வசதி.

‘பற்றகம்’ வேண்டாம் என்றே சொல்வேன். உருளையில் ரோனர் பற்றிக்கொள்வதுதான் பழுது. நல்ல வேலைக்கும் பழுதுக்கும் ஒரே வினை வந்துவிடும். பிணைத்தல் இரசாயனவியலுக்கு வருமுன்பே கயிற்றுக்கும் மாட்டுக்கும் இருந்த சொல், பாடநூலோடு முட்டாது. கையேட்டில் முதல் தடவை ‘சூட்டுப் பிணைப்பகம்’ என்று முழுதாக எழுதி, பிறகு சுருக்கலாம்.

மாரியைச் சொன்னீர்கள், அது தனிப் பழுதுதான். ஐப்பசி கார்த்திகையில் பிரித்து வைத்த தாள் ஈரம் குடித்துவிடும். அந்த ஈரம் பிணைப்பகத்துக்குள் ஆவியாகும்போது சூட்டின் ஒரு பங்கைத் தின்றுவிடும், தாள் சுருளும், அடர்ந்த வண்ணப் பகுதியில் சின்னச் சின்னக் கொப்புளம் வரும். ‘ஆவிக்கொப்புளம்’ என்று வைப்போம். குறைசூட்டுப் பெயர்வு என்று நினைத்துச் சூட்டை ஏற்றினால் கொப்புளம் கூடும். புதுப் பக்கற் ஒன்றைப் பிரித்து உடனே பத்துத் தாள் ஓட்டிப் பாருங்கள். கொப்புளம் மறைந்தால் மெசினில் கைவைக்கத் தேவையில்லை. மிச்சத் தாளைப் பக்கற்றின் மெழுகுறையோடே சுற்றி, நிலத்தில் வைக்காமல் மூடிய அலுமாரியில் வையுங்கள். இரவில் தட்டில் தாளை விடாதீர்கள்.

இங்க்ஜெற் படத்தாளைப் பற்றியும் கையேட்டில் எச்சரிக்கை வேண்டும். அதன் பூச்சு சூட்டுறையில் உருகி ஒட்டினால் உறை அந்த இடத்திலேயே முடிந்தது.

யூனிற்றை மாற்றினால், அது ஓட்டிய படிகளைக் கணக்குவைக்கிற எண்ணியைப் பூச்சியமாக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சூட்டுப் பிழைக் குறிகள் பலவும் சுவிட்சை நிறுத்திப் போட்டால் போகா, திருத்துபவர்களுக்கான சேவிஸ் முறைக்குள் போய்த்தான் அழிக்க வேண்டும். அது தெரியாமல் புது யூனிற்றும் பழுது என்று திருப்பி அனுப்புகிறார்கள். அழிக்குமுன், மெசின் ஆறிய பிறகு பிளக்கைக் கழற்றி, பிணைப்பகத்தை வெளியே எடுத்து மீற்றரால் பாருங்கள். லாம்பு ஆறிய நிலையில் சில ஓம்தான் காட்டும். வெப்ப உருகி தொடர்ச்சி காட்ட வேண்டும். வெப்பத்தடையி அறைச் சூட்டில் பெரும்பாலும் நூறாயிரக்கணக்கான ஓம் காட்டும், கைச்சூடு பட்டால் குறையும். குறையாமல் நின்றால் அதை மாற்றிவிட்டே குறியை அழியுங்கள்.