எருமைப்பால் வே புரோட்டீன் பற்றித் தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவுங்கள்

வணக்கம் அக்காமார், அண்ணன்மார். நாங்கள் ஹட்டன் பக்கம். அம்மா முப்பது வருசம் கொழுந்து பறித்தவர், இப்போது வயது 63. போன மாதக் காய்ச்சலுக்குப் பிறகு கையெல்லாம் வற்றி, ஒரு வாளித் தண்ணீரைக் குழாயடியிலிருந்து கொண்டுவரவே இரண்டு தடவை கீழே வைத்து எடுக்கிறார். கிளினிக்கில் புரோட்டீன் கூட்டச் சொன்னார்கள், ஆனால் முட்டை, இறைச்சி தொடமாட்டார், எருமைப்பால் சட்டித் தயிர் என்றால்தான் ஆசை.

எருமைப்பால் புரோட்டீனில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வே (பால் திரையும்போது தெளியும் தண்ணியோடு பிரியும் புரோட்டீன்), மிச்சம் கேசீன் (கட்டியாகத் திரளும் புரோட்டீன்). வேயில் தசைக்கு வேண்டிய லியூசின் என்ற அமினோ அமிலம் நிறைய, சீக்கிரம் செரிக்கும். அதனால் தயிர்ச்சட்டியில் தெளிந்து நிற்கும் தண்ணியை வீணாக்காமல் தினமும் அம்மாவுக்குக் கொடுத்து வந்தேன். அப்புறம்தான் விளங்கியது, அதில் 100 மில்லிக்கு ஒரு கிராம் புரோட்டீன்கூட வராது. பாலை நன்றாகக் காய்ச்சும்போதே வேயில் பெரும்பகுதி கேசீனோடு ஒட்டித் தயிரிலேயே தங்கிவிடுகிறது. சரி, தயிரையே கூட்டிக் கொடுக்கிறேன்.

பக்கத்து லயத்து அக்கா, மாட்டுப்பால் புரோட்டீன் ஒவ்வாத தன் பேரனுக்கும் எருமைப்பால் நல்லதா என்று கேட்டார். கொடுக்கவே வேண்டாம் என்றேன், இரண்டு பாலின் புரோட்டீனும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

எருமைப்பால் வே பௌடரை நுவரெலியாவிலோ கண்டியிலோ யாராவது வாங்கியிருக்கிறீர்களா? அம்மாவுக்குப் பால் குடித்தால் வயிறு ஊதும், லாக்டோஸ் (பால் சர்க்கரை) குறைந்த ஐசொலேட் (புரோட்டீனை மட்டும் கூடுதலாகப் பிரித்தெடுத்த) வகைதான் வேண்டும், சீனியும் கூடாது. வயதானவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தவர்கள், காலையிலா இரவிலா, எவ்வளவு கொடுத்தீர்கள் என்று சொல்லுங்கள், அடுத்த கிளினிக்கில் டொக்டரிடமும் காட்டிக் கேட்டுவிட்டுத்தான் தொடங்குவேன்.