ஷேவ் செய்ததும் கழுத்து எரிகிறது: லோஷனை விட்டு ஆஃப்டர்ஷேவ் பாமுக்கு மாறலாமா?

முத்து27

எல்லோருக்கும் வணக்கம். வாரத்தில் ஐந்து நாள் ஷேவ் செய்தே ஆக வேண்டிய வேலை எனக்கு. கன்னத்தில் ஒரு தொல்லையும் இல்லை, தாடைக்குக் கீழே கழுத்தில்தான் எல்லாமே. ஷேவ் முடித்து அரை மணி நேரத்தில் கழுத்து சிவந்துவிடும், சட்டைக் காலர் உரசினால் திகுதிகுவென்று எரியும், சாயங்காலத்துக்குள் கடுகு மாதிரி சின்னச் சின்னக் கொப்புளங்கள் வந்துவிடும்.

அப்பா பயன்படுத்திய அதே மாதிரி தண்ணியான ஆஃப்டர்ஷேவ் லோஷனைத்தான் நானும் இத்தனை வருஷமாகப் போடுகிறேன். எரிந்தால்தான் கிருமி சாகும் என்பார் அவர், அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு தட்டிக்கொள்வேன். இப்போது கூட வேலை பார்க்கும் நண்பர் பாம் போடச் சொல்கிறார். பாம் என்பது உண்மையிலேயே வேறு பொருளா, இல்லை சாதாரண கிரீமுக்கே வேறு பெயரா? எனக்கு எண்ணெய் வழியும் முகம், அதைப் போட்டால் பரு வருமா? மூன்று பிளேடு ரேஸர், டப்பாவில் வரும் நுரை, எழுந்த கையோடு ஷேவ், கழுத்தில் மட்டும் வழவழப்பு வரும்வரை கீழிருந்து மேலே இரண்டு தடவை இழுப்பேன். இதையும் சொன்னால்தான் சரியாகச் சொல்வீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

மருந்தாளுநன்

வேறு பொருள்தான். லோஷனில் பெரும்பகுதி ஆல்கஹாலும் தண்ணீரும், கொஞ்சம் வாசனையும். பாமில் தண்ணீர், கிளிசரின், சருமத்தை மிருதுவாக்கும் எண்ணெய் வகைகள், மேலே மெல்லிய படலமாக நிற்கும் டைமெத்திகோன், அதோடு பாந்தெனால், அலன்டாயின் மாதிரி எரிச்சல் தணிக்கும் பொருள்கள் இருக்கும். மாய்ஸ்சரைசரின் நெருங்கிய சொந்தக்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசனையில்லாத நல்ல மாய்ஸ்சரைசர் ஏற்கெனவே உங்களிடம் இருந்தால் அதுவே போதும், பாம் என்று எழுதியிருந்தால்தான் வேலை செய்யும் என்பதில்லை.

எரிச்சலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அப்பா சொன்னதை நம்பித்தான் நிறைய பேர் வருஷக்கணக்கில் தோலைக் கெடுத்துக்கொள்கிறார்கள். ஆல்கஹால் கிருமியைக் கொல்லும் என்பது உண்மை. ஆனால் எரிவது கிருமி சாவதற்கான அடையாளம் கிடையாது. நம் தோலில் சூட்டை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன, சுமார் 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால்தான் அவை 'சுடுகிறது' என்று மூளைக்குச் சொல்லும். ஆல்கஹால் பட்டதும் அந்த எல்லை சுமார் 34 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது, அதாவது நம் உடம்பின் சொந்தச் சூடே நெருப்பு மாதிரித் தெரிகிறது. சில லோஷன்களில் சேர்க்கும் மென்தால் இதற்கு நேர் எதிர், குளிரை உணரும் நரம்பைத் தூண்டிவிடும். தோல் உண்மையில் குளிர்வதில்லை, சில்லென்று இருப்பதாக ஓர் உணர்வு, அவ்வளவே.

தோலின் மேல் அடுக்கு முகத்தில் சுமார் 0.01 முதல் 0.02 மில்லிமீட்டர் தடிமன்தான். பிளேடு முடியோடு சேர்த்து அதையும் கொஞ்சம் வழித்துக்கொண்டு போகிறது, அதனால்தான் ஷேவ் செய்த தோலிலிருந்து ஈரம் சீக்கிரம் வெளியேறுகிறது. அந்த நேரத்தில் ஆல்கஹாலை ஊற்றினால் இன்னும் வறண்டுபோகும். பாம் செய்வது அந்த ஈரத்தைப் பிடித்து வைப்பது. பருவுக்குப் பயமென்றால் கெட்டியான வெண்ணெய் வகை பாமை விட்டுவிட்டு ஜெல் மாதிரி லேசானதை, 'நான்-காமெடோஜெனிக்' (தோல் துளைகளை அடைக்காதது) என்று எழுதியிருப்பதாகப் பார்த்து எடுங்கள்.

இன்னொன்று, பாமின் பின்பக்கத்தில் 'சீட்டைல் ஆல்கஹால்', 'சீட்டியரில் ஆல்கஹால்' என்று பார்த்துப் பதறாதீர்கள். அவை கொழுப்பு வகை ஆல்கஹால், வறட்டாது. வெறும் 'ஆல்கஹால்' என்றோ 'ஆல்கஹால் டீநேட்' என்றோ பட்டியலின் முதல் மூன்று நான்கு பெயர்களுக்குள் இருந்தால் மட்டும் வாங்காமல் திரும்ப வைத்துவிடுங்கள்.

பழையரேஸர்

தம்பி, பாம் வாங்குங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் நீங்கள் எழுதியதில் கடைசி வரியைப் படித்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. எழுந்த கையோடு ஷேவ், கீழிருந்து மேலே, அதுவும் இரண்டு தடவை. எந்தக் கழுத்தும் இதைத் தாங்காது.

நாளைக்கு ஷேவ் செய்யும் முன் கண்ணாடியைப் பார்க்காமல், விரல் நுனியைக் கழுத்தில் வைத்து நாலு பக்கமும் மெதுவாகத் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் போகும்போது வழுக்கும், எதிர்ப்பக்கம் வரும்போது சொரசொரவென்று விரலைப் பிடிக்கும். வழுக்கும் பக்கம்தான் முடி படுக்கும் திசை. கன்னத்தில் பெரும்பாலும் மேலிருந்து கீழாக இருக்கும், ஆனால் கழுத்தில் ஆளுக்கு ஆள் மாறும், எனக்கு இடது பக்கம் காதை நோக்கிப் படுக்கிறது, தொண்டைக் குழிக்குப் பக்கத்தில் சுழி மாதிரி சுற்றிக்கொண்டு போகிறது. நான் இதைக் கண்டுபிடிக்கவே இருபது வருஷம் ஆயிற்று. அந்தத் திசையிலேயே ஒரே ஒரு முறை, அழுத்தாமல், ரேஸரின் கனமே வேலை செய்யட்டும் என்று விட்டு இழுங்கள். கொஞ்சம் சொரசொரப்பு மிச்சம் இருக்கத்தான் செய்யும். இருக்கட்டும், யாரும் உங்கள் கழுத்தைத் தடவிப் பார்க்கப் போவதில்லை.

குளித்த பிறகு ஷேவ் செய்யுங்கள், முடியாவிட்டால் வெதுவெதுப்பான நீரில் நனைத்த துண்டை இரண்டு மூன்று நிமிஷம் கழுத்தில் வைத்திருங்கள். முடி தண்ணீரைக் குடித்து ஊறிவிட்டால் பிளேடு இழுக்காது. பிளேடை எப்போது மாற்றுகிறீர்கள் என்று எழுதவே இல்லையே? ஐந்திலிருந்து ஏழு ஷேவுக்கு மேல் ஒரே பிளேடை வைத்திருக்காதீர்கள்.

அப்புறம் பாம் போடும் முறை. குளிர்ந்த நீரில் கழுவி, துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, தோலில் லேசாக ஈரம் இருக்கும்போதே பட்டாணி அளவு எடுத்து உள்ளங்கைகளில் பரப்பி, கழுத்தில் அமுக்கி அமுக்கி வையுங்கள். காய்ந்த தோலில் சரசரவென்று தேய்த்தால் பாம்கூட எரியத்தான் செய்யும். படிகாரக் கட்டி வைத்திருந்தால் வெட்டுப்பட்ட இடத்தில் மட்டும் தொடுங்கள், கழுத்து முழுக்க வேண்டாம், அதுவும் தோலை இறுக்கி வறட்டும்.

சுருள்முடி

உங்கள் கொப்புளங்கள் எரிச்சலால் வந்தவையா, முடி உள்ளே மாட்டியதால் வந்தவையா என்று முதலில் பாருங்கள். எரிச்சல் என்றால் ஓரிரு நாளில் தானாக அடங்கும். முடி மாட்டியது என்றால் கொப்புளத்தின் நடுவில் கறுப்பாக ஒரு புள்ளியோ வளையமோ தெரியும், நாள்கணக்கில் இருக்கும், போனாலும் கறுப்புத் தழும்பை விட்டுவிட்டுப் போகும். எனக்கு அதுதான் இருந்தது. சுருட்டை முடிக்காரர்களுக்கு இது அதிகம். சாய்வாக வெட்டுப்பட்ட முடி ஊசி மாதிரி கூராகி, வளைந்து வந்து திரும்பத் தோலுக்குள்ளேயே குத்திக்கொள்கிறது. பல பிளேடு ரேஸரில் முதல் பிளேடு முடியை லேசாக வெளியே இழுக்க, அடுத்தது வெட்ட, மிச்சம் தோலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். வழவழப்பு வருவதும் அதனால்தான், கொப்புளம் வருவதும் அதனால்தான்.

இதற்கு எந்த பாமும் மருந்தில்லை, நான் நாலைந்து டப்பா வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். எரிச்சல் குறையும், முடி உள்ளே போவது நிற்காது. நான் ரேஸரையே விட்டு டிரிம்மரில் ஒரு மில்லிமீட்டர் வைத்து வெட்டுகிறேன், கூடவே வெட்டாத நாள் இரவில், தோலின் மேலுள்ள இறந்த செல்களை உரித்தெடுக்கும் 2 சதவீத சாலிசிலிக் அமிலம். ஷேவ் செய்த உடனே அதைப் போடாதீர்கள், அழுகை வந்துவிடும். சீழ் கோத்து, தொட்டால் வலித்து, பரவிக்கொண்டே போனால் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

மல்லி_எழுதுகிறேன்

கால் ஷேவ் செய்பவர்களுக்கும் இதே கதைதான் என்பதால் நானும் ஒன்று சொல்கிறேன். வாசனையைக் கவனியுங்கள். எனக்கு பாம் போட்டதில் எரிச்சல் குறைவதற்குப் பதிலாகத் தடிப்புத் தடிப்பாக வந்தது, காரணம் அதிலிருந்த லினலூல் என்ற வாசனைப் பொருள் என்று பேட்ச் டெஸ்டில்தான் (தோலில் ஒட்டி ஒவ்வாமை பார்க்கும் சோதனை) தெரிந்தது. 'அன்சென்டட்' என்றால் வாசனை இல்லை என்று நினைத்திருந்தேன், மூலப்பொருளின் நாற்றத்தை மறைக்க அதிலும் வாசனை சேர்த்திருக்கலாம். 'ஃபிராக்ரன்ஸ் ஃப்ரீ' என்று இருப்பதைத்தான் தேட வேண்டும். புதிதாக எதை வாங்கினாலும் முழங்கையின் உள்பக்கத்தில் ஒரு வாரம் பத்து நாள் தினமும் தடவிப் பார்த்துவிட்டுக் கழுத்துக்குக் கொண்டுபோங்கள்.

ஒரு வேண்டுகோள். சீக்கிரம் சிவப்பு போகிறதே என்று ஸ்டீராய்டு கலந்த கிரீமை மட்டும் தினமும் போட்டுவிடாதீர்கள். முதல் வாரம் அற்புதமாக இருக்கும், அப்புறம் தோல் மெலிந்து, நிறுத்தினால் முன்பைவிட மோசமாகச் சிவக்கும். என் தம்பி அப்படித்தான் மாட்டிக்கொண்டு பல மாதம் கஷ்டப்பட்டான்.

முத்து27

எல்லோருக்கும் ரொம்ப நன்றி, மூன்று வாரம் கழித்து வந்து எழுதுகிறேன். பிளேடை ஒன்றரை மாதமாக மாற்றாமல் வைத்திருந்தேன், முதலில் அதைத் தூக்கிப் போட்டேன். தடவிப் பார்த்ததில் வலது பக்கக் கழுத்தில் முடி குறுக்காகப் படுக்கிறது, இத்தனை நாள் அதை நேர் எதிரே இழுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். முதல் வாரம் முறையை மட்டும் மாற்றினேன், லோஷனை நிறுத்திவிட்டு வேறு எதுவும் போடவில்லை, அதிலேயே பாதி குறைந்தது. முழங்கையில் பார்த்துவிட்டு இரண்டாவது வாரத்திலிருந்து வாசனையில்லாத ஜெல் பாம். காலர் பட்டால் இப்போது எரிவதில்லை, பருவும் வரவில்லை. தொண்டைக்குப் பக்கத்தில் மட்டும் மூன்று கொப்புளம் போகாமல் நிற்கிறது, நடுவில் கறுப்புப் புள்ளி தெரிகிறது. சுருள்முடி, அதைக் கிள்ளி எடுக்கலாமா?

சுருள்முடி

கிள்ளாதீர்கள், பிடுங்கவும் வேண்டாம், வேரோடு பிடுங்கினால் அடுத்த முடி தோலுக்குள்ளேயே வளர்ந்து திரும்ப மாட்டும். அந்த இடத்தை மட்டும் மூன்று நான்கு வாரம் ஷேவ் செய்யாமல் விடுங்கள், தினமும் வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள், முடி நீண்டால் தானாகவே வெளியே வந்துவிடும். அதுவரை அந்த இடத்தில் டிரிம்மர் போதும்.