புதிய பெட்ரோல் காரில் சின்தெடிக் ஆயிலுக்கு எப்போது மாறுவது?

கேள்வி (நெல்லைவாசி)

அனைவருக்கும் வணக்கம். டர்போ இல்லாத 1.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் கொண்ட புதிய கார் ஒன்றை அண்மையில் வாங்கினேன். 1,000 கிலோமீட்டர் ஓடியதும் முதல் இலவச சர்வீசுக்கு விட்டபோது, தொழிற்சாலையில் ஊற்றிய ஆயிலை இப்போதே வடித்துவிட்டு "ஃபுல்லி சின்தெடிக்" (முழுவதும் செயற்கை அடிப்படை எண்ணெயால் ஆனது என்று விற்கப்படும் ஆயில்) ஊற்றிக்கொண்டால் இன்ஜினுக்கு நல்லது என்று அங்கிருந்த அட்வைசர் வற்புறுத்தினார். ஆயிலுக்கும் ஃபில்டருக்கும் தனியே பணம் கட்ட வேண்டும் என்பதால் முடிவு சொல்லாமல் வண்டியை எடுத்து வந்துவிட்டேன். வீட்டிலோ, நெடுங்காலம் அம்பாசடர் ஓட்டிய என் பெரியப்பா இதற்கு நேர்மாறாகச் சொல்கிறார். சின்தெடிக் ஆயில் அதிகம் வழுக்குவதால் பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டரில் சரியாகப் படியாமல் போய்விடும், பிறகு இன்ஜின் ஆயில் குடிக்கத் தொடங்கும், ஆகவே 20,000 கிலோமீட்டர் வரை கச்சா எண்ணெயிலிருந்து சாதாரணமாகச் சுத்திகரித்த மினரல் ஆயில்தான் ஊற்ற வேண்டும் என்பது அவர் கருத்து.

கையேட்டில் 0டபிள்யூ-20 கிரேடு (ஆயிலின் இளக்கத்தைக் குறிக்கும் எண்), ஏ.பி.ஐ. எனும் அமெரிக்க பெட்ரோலிய அமைப்பின் எஸ்.என். அல்லது அதற்கு மேற்பட்ட தரம், முதல் ஆயில் மாற்றம் 10,000 கிலோமீட்டர் அல்லது 12 மாதம், இவற்றில் எது முந்தியதோ அது என்று இருக்கிறது. சின்தெடிக் என்ற சொல்லே அதில் இல்லை. நான் எப்போது மாறுவது சரியாக இருக்கும்?

மறுமொழி (கோவைப் பணிமனைக்காரர்)

தம்பி, கையேட்டில் 0டபிள்யூ-20 என்று இருந்தால் நீங்கள் ஏற்கெனவே சின்தெடிக் வகை ஆயிலில்தான் வண்டியை ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். 0டபிள்யூ என்ற பெயரைப் பெற ஓர் ஆயில் மைனஸ் 35 டிகிரியில் இன்ஜின் சுற்றுவதற்கு இடம் கொடுக்க வேண்டும், மைனஸ் 40 டிகிரியில் பம்ப் இழுக்கும் அளவுக்கு ஓட வேண்டும். அதே ஆயில் சூட்டில் அளவுக்கு மீறி ஆவியாகவும் கூடாது, எஸ்.என். தரத்தின் சோதனையில் இந்த இழப்பு 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சாதாரண மினரல் அடிப்படை எண்ணெயை வைத்து இவ்விரண்டையும் ஒருசேர எட்டுவது நடைமுறையில் முடியாத காரியம். அதனால்தான் கடையில் கிடைக்கும் 0டபிள்யூ-20 டின்கள் எல்லாம் செமி சின்தெடிக்காகவோ ஃபுல்லி சின்தெடிக்காகவோ இருக்கின்றன. நெல்லை வெயிலில் மைனஸ் 35 எதற்கு என்று தோன்றலாம். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் ஆயில் மேலே வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் வரை விரைந்து ஏறுவதற்கு அந்த இளக்கம் இங்கேயும் ஓரளவு உதவுகிறது.

டின்னின் முகப்பில் இருக்கும் "ஃபுல்லி சின்தெடிக்" என்ற எழுத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கச்சா எண்ணெயையே ஹைட்ரஜன் கொண்டு மிகக் கடுமையாகச் சுத்திகரித்துப் பெறும் மூன்றாம் தொகுதி எண்ணெயையும் அப்பெயரில் விற்கலாம் என்று அமெரிக்காவின் விளம்பரத் தகராறு அமைப்பு ஒன்று 1999-இல் ஏற்றுக்கொண்டது. இன்று அந்தப் பெயரில் விற்பதில் பெரும்பகுதி அதுதான். டின்னின் பின்புறத்தில் உள்ள வட்ட முத்திரையில் எஸ்.என். அல்லது 2020-இல் வந்த எஸ்.பி. என்று இருக்கிறதா, கிரேடு கையேட்டோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். இப்போது ஊற்றியிருக்கும் ஆயிலை 1,000 கிலோமீட்டரில் வடிப்பதற்குக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

மறுமொழி (இன்ஜின் பொறியாளர்)

பெரியப்பாவின் அச்சத்தைத் தள்ளிவிடாமல் அது எங்கிருந்து வந்தது என்று பார்ப்பது நல்லது. அம்பாசடரில் இருந்தது பிரிட்டனின் பி.எம்.சி. வடிவமைத்த 1,489 சி.சி. இன்ஜின். அக்காலச் சிலிண்டர் சுவர்களில் ஹோனிங் (சுவரைக் கல்லால் தேய்த்துச் சீராக்கும் வேலை) விட்ட கோடுகளின் முகடுகள் கூர்மையாக நிற்கும். ஓடி ஓடி அவை தேய்ந்த பிறகுதான் ரிங் முழுமையாகப் படியும். இப்போதைய இன்ஜின்களில் அந்த முகடுகளைத் தொழிற்சாலையிலேயே சீவிச் சமதளமாக்கி, ஆயில் தங்குவதற்கான பள்ளங்களை மட்டும் விட்டுவைக்கிறார்கள். ஆகவே எஞ்சியிருக்கும் படிதல் வேலையில் பெரும்பகுதி முதல் சில நூறு கிலோமீட்டரிலேயே முடிந்துவிடுகிறது.

மேலும், எரியும் வாயுவின் அழுத்தம் ரிங்கின் பின்புறம் புகுந்து அதைச் சுவரோடு தள்ளுவதால்தான் ரிங் படிகிறது. உலோகமும் உலோகமும் உரசும் அந்த நிலையில் தேய்மானத்தைத் தீர்மானிப்பவை ஆயிலில் கலந்திருக்கும் துத்தநாக, மாலிப்டினச் சேர்மங்களே. அவை மினரல் ஆயிலிலும் உண்டு, சின்தெடிக்கிலும் உண்டு. இதற்கு நேரடிச் சான்றும் இருக்கிறது. அமெரிக்காவின் செவ்ரோலே கார்வெட் 1992 முதல் மொபில் 1 சின்தெடிக் ஆயிலோடுதான் தொழிற்சாலையிலிருந்து வெளிவருகிறது. ரிங் படியாமல் போகும் என்பது உண்மையாக இருந்தால் அந்த வண்டிகள் எல்லாம் தொடக்கத்திலேயே புகை கக்கியிருக்க வேண்டும்.

ரிங் நன்றாகப் படிவதற்கு ஆயிலைவிட ஓட்டும் முறையே முக்கியம். முதல் 1,000 முதல் 1,500 கிலோமீட்டர் வரை ஒரே வேகத்தில் நீண்ட நேரம் ஓட்டாமல் வேகத்தை ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். முழு ஆக்ஸிலரேட்டர் வேண்டாம். மேல் கியரில் இன்ஜின் திணறும்படி இழுக்கவும் வேண்டாம்.

மறுமொழி (மதுரை வாசகர்)

பொறியாளர் ஐயா சொல்வதை ஏற்கிறேன், ஆனால் 10,000 வரை காத்திருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. புது இன்ஜினில் உலோகத் துகள் அதிகம் உதிரும் என்பது எல்லாரும் அறிந்தது. அந்தத் துகளோடு ஓராண்டு ஓட்டுவதைவிட 5,000-இல் ஒருமுறை மாற்றிவிடுவதே பாதுகாப்பு என்று நினைக்கிறேன்.

மறுமொழி (இன்ஜின் பொறியாளர்)

தங்கள் கவலையில் நியாயம் இருக்கிறது. புதிய இன்ஜினின் முதல் ஆயிலைச் சோதனைக்கூடத்தில் பார்த்தால் இரும்பு, செம்பு அளவுகள் பின்னாளில் இருப்பதைவிடக் கூடுதலாகவே இருக்கும். சிலிக்கானும் கூடுதலாக வரும்; அதைப் பார்த்துத் தூசி புகுந்துவிட்டது என்று பலர் பதறுகிறார்கள், ஆனால் தொடக்க காலத்தில் அது பெரும்பாலும் இன்ஜினை மூடப் பயன்படுத்திய சீலன்டிலிருந்து கரைந்து வருவது. தீங்கு செய்யக்கூடிய பெரிய துகள்களை ஃபில்டர் பிடித்துவிடும். அதைக் கடந்து செல்லும் நுண்துகளின் அளவையும் கணக்கில் கொண்டுதான் தயாரிப்பாளர் கெடு வைக்கிறார். சில தயாரிப்பாளர்கள், ஹோண்டா உட்பட, முதல் ஆயிலை முன்கூட்டியே வடிக்க வேண்டாம் என்றே அறிவுறுத்தியிருக்கிறார்கள். மன நிம்மதிக்காக 5,000-இல் மாற்றுவோருக்குச் செலவைத் தவிர வேறு நட்டமில்லை; 1,000-இல் மாற்றச் சொல்வதைத்தான் நான் மறுக்கிறேன்.

கேட்டவர் (நெல்லைவாசி)

அனைவருக்கும் மிக்க நன்றி. என் ஓட்டம் பெரும்பாலும் வீட்டிலிருந்து அலுவலகத்துக்கு 6 கிலோமீட்டர், எப்போதாவது மதுரை. ஓராண்டில் 10,000 வருமா என்பதே ஐயம். இங்குள்ள வெயிலுக்கு 0டபிள்யூ-20 தண்ணீராக இருக்கும், 5டபிள்யூ-30 ஊற்றுங்கள் என்று உதிரிபாகக் கடைக்காரர் சொல்கிறார். என் தம்பி வைத்திருக்கும் பி.எஸ். 6 (பாரத் ஸ்டேஜ் 6 புகை விதிக்கு உட்பட்ட) டீசல் காருக்கும், நண்பரின் டர்போ பெட்ரோல் காருக்கும் இதே விதி பொருந்துமா?

மறுமொழி (கோவைப் பணிமனைக்காரர்)

உங்கள் நிலையில் கவனிக்க வேண்டியது கிலோமீட்டரை அல்ல, மாதத்தை. 6 கிலோமீட்டர் ஓட்டத்தில் ஆயில் முழுச் சூட்டை எட்டுவதற்குள் இன்ஜினை நிறுத்திவிடுகிறீர்கள். எரியாத பெட்ரோலும் ஈரமும் ஆயிலில் தங்கி அதை மெலிய வைக்கும், அமிலமும் சேரும். மீட்டர் 4,000 காட்டினாலும் 12 மாதத்தைத் தாண்டவிடாதீர்கள். உங்கள் கையேட்டில் கடினப் பயன்பாடு என்ற அட்டவணை இருந்தால் குறுகிய ஓட்டம் அதில்தான் வரும். அங்கே சொல்லியிருக்கும் குறைந்த கெடுவையே பின்பற்றுங்கள். வாரத்தில் ஒருநாளாவது அரைமணி நேரத்துக்குக் குறையாமல் நான்குவழிச் சாலையில் ஓட்டிவந்தால் அந்தப் பெட்ரோலும் ஈரமும் ஆவியாகி வெளியேறும்.

வெளியே 40 டிகிரி அடித்தாலும், சூடேறிய இன்ஜினின் கூலன்ட்டைத் தெர்மோஸ்டாட்டும் ஃபேனும் ஏறக்குறைய 90 டிகிரியிலேயே வைத்திருக்கும். 20 என்ற கிரேடு 100 டிகிரியில் 6.9 முதல் 9.3 சென்டிஸ்டோக்ஸ் (ஆயிலின் கெட்டித்தன்மையை அளக்கும் அலகு) வரை, 30 என்பது 9.3 முதல் 12.5 வரை. உங்கள் இன்ஜினின் பேரிங் இடைவெளியும் வால்வ் டைமிங் கட்டுப்பாட்டுக் குழாய்களும் 20 கிரேடுக்காகச் செய்யப்பட்டவை. கையேட்டில் மாற்றாக 5டபிள்யூ-30 குறிப்பிடப்பட்டிருந்தால் ஊற்றலாம், இல்லையென்றால் கடைக்காரர் சொல்லுக்காக ஊற்ற வேண்டாம்.

டர்போ பெட்ரோலில் குறைந்த சுற்றில் எரிபொருள் தானாக முன்னதாகவே பற்றிக்கொண்டு பிஸ்டனை உடைக்கும் ஆபத்து உண்டு. அதைத் தடுக்கும் சோதனைகள் எஸ்.பி. தரத்தில் சேர்க்கப்பட்டிருப்பதால் உங்கள் நண்பர் எஸ்.பி. அல்லது அதற்கு மேற்பட்ட தரம் உள்ள ஆயிலை ஊற்றுவது நல்லது. பி.எஸ். 6 டீசலில் புகைக்கரி வடிகட்டி இருந்தால், ஆயில் எரிந்து மிஞ்சும் சாம்பல் அதிலேயே தங்கிவிடும், மீண்டும் எரித்து அகற்றவும் முடியாது. எனவே அங்கே சாம்பல் குறைந்த, ஐரோப்பிய சி வரிசைத் தரம் கேட்கப்பட்டிருக்கும். அந்த வரிசையில் சி2, சி3 என்று கையேடு எதைச் சொல்கிறதோ அதையே தம்பி ஊற்ற வேண்டும். எவ்வளவு விலையுயர்ந்த சின்தெடிக் ஆனாலும் பெட்ரோல் காருக்கான டின்னை எடுத்து அதில் ஊற்றிவிடக் கூடாது.

முதல் மாற்றத்தின்போது சீல் உடையாத டின்னை உங்கள் கண்முன் திறக்கச் சொல்லுங்கள். போலி ஆயில் சந்தையில் நிறையவே உலவுகிறது. ஃபில்டரையும் வடிகால் போல்ட்டின் வாஷரையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். கிரேடும் தரமும் ஊற்றிய அளவும் பில்லில் எழுதப்பட்டிருக்க வேண்டும். நாளை வாரண்டியில் கேள்வி எழுந்தால் உங்கள் கையில் இருக்கும் சான்று அதுதான்.