காடு வெட்டிய பிறகும் மாடலில் ஓடைப்பூச்சிகள் குறையவே இல்லை: எங்கே தவறு?

ஓடைக்கரை:
வணக்கம். முழுக்க மரநிழலில் ஓடும், ஒன்றரை மீட்டர் அகலமுள்ள சிற்றோடை ஒன்றுக்கு உணவுவலை மாடல் எழுதிக்கொண்டிருக்கிறேன். சருகு, பாசி, சருகு தின்னும் பூச்சி, பாசியைச் சுரண்டித் தின்னும் பூச்சி, மீன் என ஐந்து பெட்டிகள். கணக்கு மாதத்துக்கு ஒரு படி. 10-ஆம் ஆண்டில் கரைவரை மரங்களை வெட்டுவதாக வைத்து, நீரில் விழும் ஒளியை 5 சதவீதத்திலிருந்து 90 ஆக்கினேன். சுரண்டித் தின்பவை பெருகுவது புரிகிறது. ஆனால் சருகு தின்பவையும் குறையவில்லை, மீனும் கூடுகிறது. 30 ஆண்டு ஓட்டியும் எதுவும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. வெட்டினால் ஓடைக்கு நல்லது என்கிறது மாடல்! இதை நம்பி யாராவது முடிவெடுத்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. வளர்வேக எண்களை எவ்வளவோ மாற்றிப் பார்த்துவிட்டேன். நைட்ரேட்டும் மீட்சி வேகமும் அமெரிக்காவின் ஹப்பர்ட் புரூக் ஆய்வுக்காட்டில் உள்ள இரண்டாம் நீர்ப்பிடிப்பின் தரவிலிருந்து எடுத்தவை.

சருகுப்பொதி:
வளர்வேகத்தைத் தொட வேண்டாம். வெட்டியதும் சருகு வரத்து என்ன ஆகிறது?

ஓடைக்கரை:
அது மாறாது. ஆண்டுச் சராசரியை நிலையான எண்ணாகக் கொடுத்திருக்கிறேன்.

சருகுப்பொதி:
சிக்கல் அதில்தான். உங்கள் மாடலில் மரம் போய்விட்டது, இலை மட்டும் விழுந்துகொண்டே இருக்கிறது. மரக்கவிகையை, அதாவது ஓடைக்கு மேல் மூடும் கிளை-இலைக் கூரையை, ஒரு மாறியாக வையுங்கள். ஒளி, சருகு வரத்து, நீர்வெப்பம் மூன்றும் அதிலிருந்தே பிறக்கட்டும். கவிகை ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்து மூடினால் நிழல் தானாகத் திரும்பும், பாசியும் அடங்கும்.

வரத்து நின்றதும் பூச்சி உடனே விழாது. படுகையில் தேங்கிய சருகும் விழுந்த கட்டையும் கொஞ்ச காலம் தாங்கும், அதனால் தேக்கத்துக்குத் தனிப் பெட்டி வேண்டும். அமெரிக்காவின் வட கரோலினாவில் உள்ள கொவீட்டா ஆய்வுக்காட்டில் 1993-இல் தொடங்கி ஒரு சிற்றோடையின் மேல் வலை விரித்து இலை விழாமல் தடுத்தார்கள். சருகு தேங்கும் கல்-மணல் படுகையில் பூச்சிகள் வெகுவாகக் குறைந்தன. பாறைப் படுகையில் பெரிய மாற்றமில்லை. உங்கள் ஓடையில் பாறை எவ்வளவு என்று பாருங்கள்.

சருகை உலர் எடையிலும் பாசியைக் கார்பனிலும் வைத்திருக்கிறீர்களா? உலர் எடையில் ஏறத்தாழப் பாதிதான் கார்பன். நான் இதில் ஒருமுறை ஒரு மாதத்தை இழந்தேன்.

நீர்மானி:
மீட்சிக்கு ஹப்பர்ட் புரூக் எண்களை எடுக்காதீர்கள். அந்த நீர்ப்பிடிப்பில் 1965 இறுதியில் மரங்களை வெட்டி அப்படியே கிடக்கவிட்டார்கள். பிறகு மூன்று கோடைகள் களைக்கொல்லி தெளித்து எதையும் முளைக்கவிடவில்லை. செடி உறிஞ்சாததால்தான் நைட்ரேட் அவ்வளவு ஏறியது. வெட்டியதும் துளிர்விடும் சாதாரணக் காட்டுக்கு அது பொருந்தாது.

ஒப்பிட அமெரிக்காவின் ஓரிகனில் மூன்று ஓடைகளில் நடந்த ஆல்சி ஆய்வு நல்லது. 1966-இல் நீடில் பிராஞ்சைக் கரைவரை வெட்டினார்கள், டீர் கிரீக்கில் கரையோர மரங்களை விட்டு இடையிடையே வெட்டினார்கள், பிளின் கிரீக்கைத் தொடவில்லை. கரைவரை வெட்டியதில் கோடை நீர்வெப்பம் பெரிதாக ஏறியது. மூன்றையும் உங்கள் மாடல் தனித்தனியாகக் காட்டுகிறதா என்பதே உண்மையான சோதனை.

மாதப் படியையும் விடுங்கள். ஒரே நாள் வெள்ளம் அடித்துச் செல்லும் பூச்சியும் கொண்டுவந்து கொட்டும் வண்டலும் மாதச் சராசரியில் கரைந்துபோகும்.

ஓடைக்கரை:
இருவருக்கும் மிக்க நன்றி. கவிகையோடு இணைத்து, நாள் படிக்கு மாற்றி ஓட்டினேன். சருகு தின்பவை இரண்டாம் ஆண்டிலிருந்து சரிகின்றன. கவிகை மூட மூடப் பாசி இறங்குகிறது. அலகும் நீங்கள் சொன்னபடியே தவறாகத்தான் இருந்தது. ஆனால் முதல் சில ஆண்டுகள் மீன் இன்னும் கூடுகிறதே?

நீர்மானி:
அது பிழையாக இருக்க வேண்டியதில்லை. ஒளி போதாத குளிர்ந்த ஓடையில் பாசி கூடினால் மீனுக்கும் கொஞ்ச காலம் இரை கூடும். மீனின் வளர்ச்சியைக் கோடையின் தினசரி உச்ச வெப்பத்தோடு கட்டியிருக்கிறீர்களா, சராசரியோடா? சராசரி என்றால் உச்ச வெப்பம் மீனைப் பாதிப்பது அதில் தெரியாது; அதை முதலில் மாற்றி ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.